கேட்டுவிட்டு ஜெபித்த அக்கா

அன்பான உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், சபையாருக்கும் என் பணிவான வணக்கமும் ஸ்தோத்திரமும்.

அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் என்னிடம் சொன்னபோது, வேறு யாரையாவது கேள் என்றேன். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை பேசவே கூச்சப்படுகிறவன். ஆனாலும் ஒரே வீட்டில் அக்காவோடு வளர்ந்து, பிறகு அடுத்த வரிசை வீட்டிலேயே குடியிருந்தவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அலோர் காஜாவிலிருந்து கோலா சுங்கை பாருவுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கோவிலுக்குப் போகிறவர்கள். அம்மா மட்டும் ஒரு பெரிய நோயிலிருந்து எழுந்த பிறகு ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். அப்பா தம் வழியிலேயே இருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும் நாளில், சாப்பாட்டு மேசையை வெளியே தூக்கிப் போட்டு இடம் செய்து கொடுப்பவர் அவர்தான். தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்கும், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து போவதில் ஒரு குறையும் வந்ததில்லை. அக்கா கடைசிவரை அப்படித்தான் நடந்துகொண்டார்.

அக்கா மூன்றாம் படிவம் முடித்த வருடம் அப்பா காலமானார். அக்கா வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி. யாரும் சொல்லாமலேயே படிப்பை நிறுத்திவிட்டு, பத்து பெரெண்டாமில் இருந்த ஒரு மின்னியல் கிலாங்கில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தார். இருட்டு விலகும் முன்பே கிலாங் பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்துவிடும். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். அவரோடு வேலை செய்த பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “எனக்கும் சேத்துச் சொன்னியா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். என்னை அக்கா தொடர்ந்து படிக்க வைக்கத்தான் பார்த்தார். எனக்குத்தான் படிப்பு ஏறவில்லை.

கிலாங்கில் அக்கா சில வருடங்களில் லைன் லீடர் ஆனார். அவருக்குக் கீழே தமிழ், மலாய், சீனப் பெண்கள் வேலை செய்தார்கள். ஒருவரையும் மற்றவர்கள் முன்னால் அவர் கடிந்து பேசியதில்லை. தவறு நடந்தால் அந்தப் பெண்ணைத் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு அழைத்துப் போய்ப் பேசிவிட்டு வருவார். என்ன பேசினார் என்று அந்த இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்த அத்தானுக்கு அக்காவைப் பிடித்துப் போனது அதனால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அத்தானும் அதிகம் பேசாதவர். மகள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அக்கா தனியாக நின்று மகளை ஆளாக்கினார்.

தோட்டம் கைமாறியபோது எங்கள் குடும்பங்கள் பலவும் குருபோங்குக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்து வீட்டில் கூடியவர்கள் இப்போது எங்கே கூடுவது என்று கேள்வி வந்தது. டயர் கடை ஒன்றின் மேல்மாடி காலியாக இருந்தது. அக்கா அந்தக் கடைக்காரச் சீனரிடம் பேசி, கூடுவதற்கு அந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். மலாக்கா நகரத்திலிருந்து பாஸ்டர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளை அக்கா நடத்தட்டும் என்று அவர்தான் சொன்னார்.

இதில் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. அவர்களில் முதலில் வாய் திறந்தவர் டேவிட் அண்ணன். அவரும் எங்கள் தோட்டத்துக்காரர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எதையும் உரக்கப் பேசித்தான் பழக்கம். பொம்பளை நடத்துற ஆராதனையில நான் கை தூக்கணுமா என்று படிக்கட்டிலேயே நின்று கேட்டார். அக்கா, “கை தூக்க வேணாம் அண்ணே. நாற்காலி தூக்குங்க, அது போதும்,” என்றார். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் குவிந்து கிடந்தன. அண்ணன் சிரித்துவிட்டார். அன்று நாற்காலி தூக்க ஆரம்பித்தவர், வாரம் தவறாமல் தூக்கினார். அண்ணியும், ஒரு மகளும், ஒரு மகனும் அவருடைய குடும்பம்.

அக்கா ஜெபிப்பதைக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். சத்தம் போடமாட்டார். வீட்டு மனிதரிடம் பேசுவதுபோலப் பேசுவார். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி, அந்தக் குடும்பத்தின் தேவையைச் சொல்லி, ஆண்டவரிடம் கேட்பார். தங்களுக்காகக் கேட்கிறார் என்று தெரிந்ததும் அழாதவர்கள் குறைவு. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இனி எழுதப்போவது அக்காவுக்கு வலித்த ஒரு காரியம். மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். இதை விட்டுவிட்டால் அக்காவை முழுவதும் எழுதியதாகாது.

நம் ஜெபக்கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் கஷ்டம் வந்தால், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் சொல்வார். அவர் ஜெபத்துக்காக இன்னொருவரிடம் சொல்வார். காலையில் குருபோங்கில் சொன்னது மாலைக்குள் தஞ்சோங் கிளிங்கில் இருக்கும். யாரும் புறம் பேசியதாக நினைப்பதில்லை. எல்லோரும் ஜெபித்ததாகத்தான் நினைக்கிறோம்.

டேவிட் அண்ணனின் மகன் போதைப் பழக்கத்தில் சிக்கி, பிடிபட்டு, அரசாங்கப் புனர்வாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அண்ணி ஒருநாள் அக்காவின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுது, உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே சனிக்கிழமை உபவாச ஜெபம் வந்தது. அண்ணனின் மகளைப் பெண் கேட்டு, பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்த தஞ்சோங் கிளிங் குடும்பமும் அன்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அக்கா அவர்களைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவருக்கு அப்போது தோன்றியிருக்காது. கண்ணை மூடி, ஒவ்வொரு குடும்பமாக ஜெபித்துக்கொண்டே வந்தவர், டேவிட் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் குரல் உடைந்து, மையத்தில் அடைபட்டிருக்கும் அந்தப் பிள்ளையைச் சந்தியும் ஆண்டவரே, இந்தப் பழக்கத்திலிருந்து அவனை விடுவியும் என்று மன்றாடினார்.

எல்லோரும் ஆமென் என்றோம். கண்ணைத் திறந்தபோது டேவிட் அண்ணன் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

உபவாச ஜெபத்துக்கு மறுநாள், ஞாயிறு ஆராதனையில் அக்கா முன்னால் வந்து நின்றார். பாட்டு ஆரம்பிக்கவில்லை. “நேத்து ஜெபத்துல ஒரு குடும்பத்தோட காரியத்தை அவங்களக் கேக்காம பேசிட்டேன். ஆண்டவர்கிட்ட பேசறேன்னு நெனச்சு உங்ககிட்ட பேசிட்டேன். அவருக்கு அது முன்னமே தெரியும். தெரியாதவங்க நீங்கதான்,” என்றார். ஜெபம்தானே, இதில் என்ன தப்பு என்று இரண்டொருவர் சமாதானம் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. கிலாங்கில் ஓர் ஆப்பரேட்டருக்குக் கொடுத்த மரியாதையை ஆண்டவருடைய வீட்டில் கொடுக்காமல் போய்விட்டேன் என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நடத்தும் பொறுப்பை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாஸ்டர் வந்து எவ்வளவோ சொல்லியும் மாறவில்லை.

டேவிட் அண்ணன் வீட்டுக்கு அன்று மாலையே அக்கா போனார். நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். அண்ணன் வாசல் கேட்டைத் திறக்கவில்லை.

“என்னா சிஸ்டர், ஜெபிக்க வந்தீங்களா?”

“இல்ல அண்ணே. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“கேட்டாச்சு இல்ல? போங்க லா.”

அக்கா கேட்டதற்கு மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். அக்கா பிறகும் பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணியிடம் பேசிவிட்டுத் திரும்புவார். அண்ணனின் மகள் எதிரில் வந்தால் மட்டும் அக்காவால் தலை நிமிர முடியாது. சொந்த மகளைப்போல் தூக்கி வளர்த்த பிள்ளை.

சபையில் பலரும், அக்காவே தஞ்சோங் கிளிங்குக்குப் போய் அந்தக் குடும்பத்திடம் பேசினால் சம்பந்தம் திரும்பிவிடும் என்று சொன்னார்கள். அக்காவின் வார்த்தைக்கு அந்தப் பக்கத்தில் மதிப்பு இருந்தது. அவருக்கும் போகத்தான் மனம் துடித்தது. காரை ஏற்பாடு செய்யட்டுமா என்று நானும் கேட்டேன். அக்கா முதலில் டேவிட் அண்ணன் வீட்டுக்குப் போய், நான் அங்கே போய்ப் பேசலாமா என்று கேட்டார். அண்ணன் கேட்டுக்கு உள்ளேயிருந்து சொன்ன பதில் இது: “வேணாம். எங்க வீட்டுக் கதையத் தூக்கிக்கிட்டு இன்னொரு தடவ ஊருக்குள்ள போகாதீங்க.”

அக்கா போகவில்லை. செய்த தவறைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தும், அனுமதி இல்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். போயிருக்கலாம், பயந்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. பதில் சொல்லவில்லை. அக்கா அந்த நாட்களில் மெலிந்துபோனதைப் பார்த்தவன் நான். அவர் செய்த ஊழியத்திலேயே பெரியது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அண்ணனின் மகன் மையத்திலிருந்து வெளியே வந்ததும் யாரும் வேலை கொடுக்கவில்லை. அவனாகவே அக்காவைத் தேடி வந்தான். அக்கா அவனிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “கிலாங்ல உன்னப் பத்தி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? நீ சொல்லு தம்பி. நீ சொல்றத மட்டும்தான் நான் சொல்லுவேன்.” அவன், எல்லாத்தையும் சொல்லிடுங்க அத்தை, மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சு என்றான். அக்கா மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார், தாமே பொறுப்பு என்றும் சொன்னார். வேலை கிடைத்தது. இன்று அவன் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறான்.

அண்ணனின் மகளுக்கும் பிறகு கோலா சுங்கை பாருவில் நல்ல இடம் அமைந்தது. அந்த வீட்டாரிடம் அண்ணனே எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித்தான் பேசினாராம். அழைப்பிதழை அண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கல்யாணத்துக்குப் போய், பந்தி முடியும்வரை இருந்து, மணமக்களைத் தூரத்தில் நின்று வாழ்த்திவிட்டு வந்தார். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை, மேல்மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. டேவிட் அண்ணன் வரிசை போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான். சிஸ்டர் என்று கூப்பிடுவதை அவர் விடவில்லை.

அண்ணியும் பாஸ்டரும் சேர்ந்து வற்புறுத்திய பிறகே அக்கா மறுபடியும் நடத்த ஒப்புக்கொண்டார். ஆனால் ஜெபிக்கும் முறை மாறியிருந்தது. கூட்டம் ஆரம்பிக்கும் முன்பு ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து, இதைச் சொல்லலாமா, மனசுக்குள்ள வெச்சுக்கவா என்று கேட்பார். மனசுக்குள் என்று சொன்னவர்களுக்காக, ஜெபத்தின் நடுவே, உமக்குத் தெரியும் ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் யாருக்காக என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். நாங்கள் பழகிவிட்டோம். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மட்டும், மைக் போய்விட்டது என்று நினைத்து ஸ்பீக்கர் பக்கம் எழுந்து போனார். அக்காவே பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அம்மா மாரியம்மன் பக்தை. அவருக்கு அறுவை சிகிச்சை என்றபோது, உங்களுக்காக ஜெபிக்கலாமா அம்மா என்று அக்கா கேட்டார். “எங்க அம்மன்கிட்ட நான் சொல்லிட்டேன். நீயும் உங்க ஆளுகிட்ட சொல்லி வையி. ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானே லா,” என்றார் அவர். வேண்டாம் என்று சொன்ன வீடுகளும் உண்டு. அங்கேயும் அக்கா போவார். சமைத்ததைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். ஜெபம் என்ற வார்த்தையையே எடுக்கமாட்டார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது, சபையில் என்ன சொல்வது என்று நான் தயங்கினேன். என் காரியத்தை ஊர் முழுக்கச் சொல்லு, நான் யாரையும் கேட்கத் தேவையில்லாத ஒரே காரியம் இதுதான் என்று சிரித்தார். வாரத்துக்கு மூன்று தடவை மலாக்காவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மகளுக்கு ஜொகூரில் வேலை. எனக்கு ஷிப்ட். டாக்சிக்குச் சொல்லி வைத்திருந்தோம். முதல் நாள் காலை டாக்சிக்காகக் காத்திருக்கும்போது, கார் சத்தம் கேட்டது; டேவிட் அண்ணனின் பழைய காடி வந்து வாசலில் நின்றது. அவர் லோரி வேலையை விட்டு ஓய்வாக இருந்த சமயம். இறங்காமலேயே, “ஏறுங்க,” என்றார். அக்கா ஏறி உட்கார்ந்தார். நான் டாக்சிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன்.

அக்காவின் கடைசிக் காலம் முழுவதும் அப்படியே நடந்தது. வழியில் இருவரும் அதிகம் பேசமாட்டார்கள். அண்ணன் ரேடியோவைச் சத்தமாக வைப்பார், அக்கா குறைப்பார், அவர் திரும்பவும் கூட்டுவார். சிகிச்சை முடியும்வரை எதிரில் இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்.

மருத்துவமனையில் கடைசி நாட்களில் பாஸ்டர் ஜெபிக்க வந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் அம்மா படுத்திருந்தார். சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்று அவரிடம் மலாயில் கேட்ட பிறகே பாஸ்டரை ஜெபிக்கச் சொன்னார். அந்த அம்மா பரவாயில்லை என்றார்; ஜெபம் முடிந்ததும், தங்கள் தொழுகை வழக்கப்படி தம் முகத்தை இரு கைகளால் தடவிக்கொண்டார். அதற்கு மறுநாள் மதியம், மகளும் நானும் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாகக் கண் மூடினார்.

தாதிகளாக மட்டும் அல்லாமல் பிள்ளைகளாகவும் இருந்து அக்காவைப் பார்த்துக்கொண்ட சிகிச்சை நிலையத்துப் பெண்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய பாஸ்டருக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த சபையாருக்கும், லெட்சுமி அம்மாவுக்கும், அக்காவோடு கிலாங்கில் வேலை செய்து பேரப்பிள்ளைகளோடு வந்து நின்ற தோழிகளுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த பெரியப்பா வீட்டு உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் டேவிட் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர்கள் வீட்டுக் காரியம் இதில் இருக்கிறது. கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க முடியாது. மகளும் மகனும் போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். எங்கள் பெயர் மட்டும் வேண்டாம் சித்தப்பா என்றார்கள், அதன்படி விட்டிருக்கிறேன். அண்ணியும் அண்ணனும் உட்கார, நான் முழுவதையும் வாசித்தேன். டேவிட் அண்ணன் அக்காவை மனதார மன்னித்தார் என்று அப்போது ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுது தம்பி என்றார். அண்ணன் சொன்னது இது:

“போடு. எம்பேரோடயே போடு. ஆனா மன்னிச்சேன்னு எழுதியிருக்க பாரு, அத எடுத்துடு. தங்கச்சி எத்தன தடவ வந்து கேட்டுச்சு. நான் ஒரு நாளும் வாயத் தெறந்து சொல்லல. காடியக் கொண்டாந்து நிறுத்துனேன், அது ஏறி உக்காந்துச்சு. அத மட்டும் எழுது.”

அந்த வரியை எடுத்துவிட்டேன்.